சக்கரத்து மேல வீடு கட்டுற ஊர்: எல்க்கார்ட் பயணக் குறிப்புகள்

ஞாயிறு ராத்திரி

சிகாகோவைத் தாண்டி இண்டியானா டோல் ரோட்ல கிழக்க வந்துட்டே இருந்தோம், ரொம்ப தூரத்துக்கு லாரியும் சோளக்காடும் தான். சவுத் பெண்ட் நெருங்க நெருங்க எதிர்ப்பக்கம் டிரெய்லர் வர ஆரம்பிச்சுது. ஒரு பிக்கப் டிரக், அதுக்குப் பின்னாடி முப்பது அடி நீளத்துல புத்தம் புது டிரெய்லர், கொஞ்ச தூரத்துல இன்னொண்ணு, அப்புறம் இன்னொண்ணு, எல்லாமே மேற்குப் பக்கம் போறது. டீசல் போட நிறுத்துன இடத்துல, நெப்ராஸ்கால இறக்கிட்டு காலி வண்டியா திரும்பிட்டிருந்த ஒரு டிரைவர் கிடைச்சார். ஃபேக்டரில இருந்து எடுத்துட்டுப் போய் டீலர்கிட்ட இறக்குறது தான் இவர் தொழில், டிரான்ஸ்போர்ட்டர்னு சொல்றாங்க. சொந்த வண்டி, மைலுக்கு இவ்ளோன்னு கூலி, டீசல் அவர் பொறுப்பு, திரும்பி வர்ற காலி மைலுக்குக் காசு கிடையாது. மனுஷன் ஒரு காபியைக் குடிச்சுட்டு, காலைல அடுத்த லோடு இருக்குன்னு கிளம்பிட்டார்.

சவுத் பெண்ட் வர்றதுக்கு முன்னாடியே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால போயிடுச்சு, அதனால எல்க்கார்ட் வந்து சேரும்போது நல்லா இருட்டிருச்சு. வட அமெரிக்கால செய்யுற ஆர்.வி.ல நூத்துக்கு எண்பதுக்கு மேல இந்த எல்க்கார்ட் கவுண்டியையும் (நம்ம மாவட்டம் மாதிரி) அக்கம்பக்கத்தையும் சேர்ந்தது தான்னு சொல்லுவாங்க. ஆர்.வி.ன்னா தெரியாதவங்களுக்கு: படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ள இருக்குற வண்டி. காரோ டிரக்கோ இழுத்துட்டுப் போறது டிரெய்லர், பிக்கப்போட முதுகுல கொக்கி மாட்டி இழுக்குற பெருசு ஃபிஃப்த் வீல், தானே ஓடுறது மோட்டார்ஹோம்.

திங்கள்

கூட வந்திருக்குறது மாமாவும் அத்தையும். மாமா ரிட்டயர் ஆகிட்டார், ஒரு டிரெய்லர் வாங்கணும்னு ரெண்டு பேருக்கும் ஆசை, ஆனா டீலர் வண்டிங்களை நிறுத்தி விக்குற லாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இது எப்படி உருவாகுதுன்னு கண்ணால பாக்கணும்னு மாமா சொல்லிட்டார். வேலை பாத்த காலம் முழுக்க குவாலிட்டி கன்ட்ரோல்ல இருந்தவர், அவர் அப்படித் தான் யோசிப்பார்.

முதல்ல ஆர்.வி. ஹால் ஆஃப் ஃபேம் மியூசியம், டோல் ரோடை ஒட்டியே இருக்கு. உள்ள ஒரு ரோடு மாதிரி வளைச்சு வளைச்சு பாதை போட்டு ரெண்டு பக்கமும் பழைய வண்டிங்களை நிறுத்தியிருக்காங்க. 1913ல கட்டுன ஏர்ல் டிரெய்லர் இருக்கு, துணிக்கூடாரமா மடக்குறது இல்லாம நிஜ மரச் சுவரோட இன்னிக்கும் மிஞ்சி நிக்கிற டிரெய்லர்ல இது தான் ரொம்ப பழசுன்னு சொல்றாங்க. முன்னாடி ஒரு ஃபோர்டு மாடல் டி. அத்தை அதுக்குள்ள எட்டிப் பாத்துட்டு ரொம்ப நேரம் நகரவே இல்ல. நடிகை மே வெஸ்ட்டுக்காக பாரமவுண்ட் ஸ்டூடியோ செஞ்சு கொடுத்த 1931 செவர்லே வண்டியும் இங்க தான் இருக்கு, பின்னாடி சின்னதா ஒரு திண்ணை வச்சது.

இந்தத் தொழில் எப்படி ஆரம்பிச்சுதுன்னு கேட்டா ஆர்தர் ஷெர்மன் கதையைச் சொல்லாம இருக்க முடியாது. டெட்ராய்ட் பக்கத்து மனுஷர், கிருமி ஆராய்ச்சி பண்றவர், 1929ல குடும்பத்தோட டூர் போக ஒரு டென்ட் டிரெய்லர் வாங்கினார். மழையில அந்த டென்ட்டை விரிக்குறதுக்குள்ள எல்லாரும் நனைஞ்சுட்டாங்க, சரி இது ஆகாதுன்னு கெட்டியான சுவர் வச்சு பெட்டி மாதிரி ஒண்ணை அவரே செய்ய வச்சார். பாத்தவங்க எல்லாம் எனக்கும் வேணும்னு கேக்க, அதுவே கவர்டு வேகன்ங்குற கம்பெனி ஆகி, 1936 வாக்குல நாட்டுலயே பெரிய டிரெய்லர் கம்பெனியா நின்னுச்சு. நனையாம இருக்கணும்ங்கறது தான் இந்தத் தொழிலோட முதல் காரணம், இதை நான் இந்த வாரம் முழுக்க மனசுல வச்சுட்டு சுத்தப் போறேன்.

அப்ப எல்க்கார்ட் எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டீங்கன்னா, 1930கள்ல வில்பர் ஷுல்ட்னு ஒருத்தர் இங்க டிரெய்லர் வித்து, அப்புறம் செய்யவும் ஆரம்பிச்சு பெரிய ஆளாயிட்டார். அவர்கிட்டயும் மத்தவங்ககிட்டயும் வேலை கத்துக்கிட்டவங்க வெளிய போய் சொந்தமா ஆரம்பிச்சாங்க. கார் ஃபேக்டரி வைக்கணும்னா பிரஸ், டை, அச்சுன்னு எக்கச்சக்க முதல் போடணும். டிரெய்லருக்கு ஒரு ஷெட், மரம், தகரம், நாலு நல்ல ஆளு போதும், இரும்புச் சட்டத்தையும் சக்கரம் மாட்டுற ஆக்சிலையும் பக்கத்து ஊர்ல வாங்கிக்கலாம். அதுக்கு முன்னாடியே இந்த ஊர்ல பேண்டு வாத்தியம் செய்யுற ஃபேக்டரிங்க நிறைய, கான் கம்பெனி கார்னெட் செஞ்சது இங்க தான், அதனால கை வேலை தெரிஞ்ச ஆளுங்களுக்குப் பஞ்சமே இருந்ததில்ல. 1968ல லாயிட் பான்ட்ரேகரும் அவர் மனைவி பெர்த்தாவும் மிடில்பரி பக்கம் அவங்க பண்ணையில ஆரம்பிச்சது தான் ஜேகோ கம்பெனி. மடக்குற கேம்பரோட கூரையைத் தூக்க அவர் யோசிச்ச ஏற்பாடு தான் அவங்க முதலீடே. பீட்டர் லீகல் ஃபாரஸ்ட் ரிவரை ஆரம்பிச்சது 1996ல, 2005ல பெர்க்‌ஷயர் ஹாத்வேங்குற முதலீட்டு கம்பெனி அதை வாங்கிடுச்சு. ஜேகோவை 2016ல தோர் வாங்கிடுச்சு, தோரோட தலைமை ஆபீஸும் எல்க்கார்ட் தான். ஷெட்ல ஆரம்பிச்ச அத்தனை பேரும் இன்னிக்கு தோர், ஃபாரஸ்ட் ரிவர், அயோவால பிறந்த வின்னபேகோ, இந்த மூணுக்குள்ள தான் பெரும்பாலும் அடங்கியிருக்காங்க. டீலர் லாட்ல முப்பது பிராண்டு பேரு தெரியும், முதலாளி மூணே கம்பெனி, இதை வாங்குறவங்க தெரிஞ்சு வச்சுக்கணும்.

செவ்வாய்

காலைல அஞ்சரைக்கு ஃபேக்டரி வாசல்ல நின்னோம். மாமாவோட பழைய ஆபீஸ் நண்பர் ஒருத்தர் மூலமா கிடைச்ச வாய்ப்பு. போட்டோ எடுக்கக் கூடாது, கம்பெனி பேரை நானும் எழுதப் போறதில்ல. கண்ணாடி மாட்டிக்கிட்டு மஞ்சக் கோட்டுக்கு உள்ள நடக்கணும். நாங்க போறப்ப அசெம்பிளி லைன் ஏற்கனவே முழு வேகத்துல ஓடிட்டு இருந்துச்சு, காத்து துப்பாக்கில ஸ்டேப்பிள் அடிக்குற சத்தம், ஸ்க்ரூ கன் சத்தம், ரேடியோ சத்தம், பேசணும்னா காது பக்கத்துல போய் கத்தணும்.

ரோபோ எங்கயாவது இருக்கும்னு நான் தேடிட்டே இருந்தேன். ஒண்ணுகூட கண்ணுல படல. எல்லாமே கை தான்.

ஆரம்பத்துல ரெண்டு நீள இரும்பு பீம், குறுக்க சட்டம், அடியில ஆக்சில், முன்னாடி முக்கோணமா கொக்கி. அதுக்கு மேல மரச்சட்டத்துல தரை, தரைக்கு அடியில தண்ணி டேங்குங்க: நல்ல தண்ணிக்கு ஒண்ணு, பாத்திரம் கழுவுற குளிக்கிற தண்ணிக்கு ஒண்ணு, டாய்லெட்டுக்கு ஒண்ணு. மேல வினைல் ஷீட்டை சுவரே இல்லாத வெறும் தரைல ஒரே விரிப்பா விரிச்சு ஒட்டிடறாங்க. அடுத்த ஸ்டேஷன்ல அலமாரி, கட்டில் பெட்டி, பாத்டப் எல்லாம் வந்து உக்காருது, இன்னும் சுவர் கிடையாது. பொம்மை வீட்டு மூடியைத் தூக்கிப் பாக்குற மாதிரி முழு வீடும் திறந்து கிடக்குது, சிவப்பு நீலக் குழாய் ஓடுறது, சுடுதண்ணிக்கு சிவப்பு, பச்சத் தண்ணிக்கு நீலம், வயர் எங்க போகுது, எல்லாம் தெரியும். அத்தை அங்கேயே நின்னு, "இப்படி திறந்து கிடக்கறப்பவே வாங்குறவங்களைக் கூப்பிட்டு காட்டினா எவ்ளோ நல்லா இருக்கும்"னு சொன்னாங்க. நூத்துக்கு நூறு சரி. ஏன்னா இதுக்கப்புறம் சுவர் வந்து மூடிட்டா உள்ள என்ன இருக்குன்னு யாரும் பாக்கவே முடியாது.

சுவர் ரெண்டு விதம். ஒண்ணு மரக்குச்சி சட்டம், நடுவுல பஞ்சு, வெளிய நெளிநெளியா அலுமினியத் தகடு, இவங்க இதை ஸ்டிக் அண்ட் டின்னு சொல்றாங்க. இன்னொண்ணு லேமினேட்டட், அலுமினியக் குழாய்ல சட்டம், இடையில ஃபோம், வெளிய ஃபைபர்கிளாஸ், உள்ள மெல்லிசா பேனல், எல்லாத்தையும் பசை போட்டு அழுத்தி ஒரே பலகையா ஆக்கிடறது. ரெண்டாவது பளபளன்னு இருக்கும், விலையும் கூட. ஆனா தண்ணி உள்ள போயிட்டா பசை விட்டுப் போய் வெளித்தோல் கொப்புளம் போடும், டீலேமினேஷன்னு பேரு, அது வந்துட்டா வைத்தியம் ரொம்ப காஸ்ட்லி. தகடு வண்டில தண்ணி போனா மரம் உளுக்கும், ஆனா தகட்டைக் கழட்டி மரத்தை மாத்தி திரும்ப போட்டுக்கலாம். எது நல்லதுன்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, தண்ணியை உள்ள விடாதது எதுவோ அது நல்லதுன்னு மாமா முடிச்சுட்டார்.

கூரையை மேல இருந்து கிரேன்ல தூக்கிட்டு வந்து உக்கார வைக்கிறாங்க, அதுக்கு மேல பலகை, அதுக்கு மேல ரப்பர் மாதிரி ஒரு விரிப்பு. ஜன்னலுக்கு இடம் வெட்டுற பையனை நான் கிட்ட நின்னு பாத்தேன். இருபது வயசு இருக்கும். ரவுட்டர்ங்குற வெட்டு மெஷினை சுவர்ல குத்தி இறக்கி நாலு பக்கமும் ஒரே ஓட்டமா ஓட்டி, வெட்டுன துண்டு கீழ விழுறதுக்குள்ள அடுத்த ஜன்னலுக்குப் போயிட்டான், கோடு ஒரு இழை பிசகல. அவனுக்குப் பின்னாடி வந்தவங்க ஜன்னல் ஃபிரேமைச் சுத்தி தண்ணி புகாம அடைக்குற பியூட்டில் டேப் ஒட்டி, ஃபிரேமைப் பொருத்தி, வரிசையா ஸ்க்ரூ போட்டுட்டே போறாங்க. அந்த டேப் மூலைல ஒரு அங்குலம் விட்டுப் போச்சுன்னா வாங்குனவங்க வீட்டுச் சுவர்ல ரெண்டு வருஷம் கழிச்சுத் தான் கறை தெரியும். இவ்ளோ வேகத்துல இவ்ளோ சுத்தமா செய்யுற கையை நான் வேற எங்கயும் பாத்ததில்ல, இதை மனசார சொல்றேன்.

வேகத்துக்குக் காரணம் சம்பள முறை. இந்தப் பகுதியில பல ஃபேக்டரில குரூப் பீஸ் ரேட் தான். ஒரு நாளைக்கு இத்தனை யூனிட்னு கணக்கு, லைன்ல இருக்கிற எல்லாருக்கும் யூனிட்டுக்கு இவ்ளோன்னு பங்கு. கணக்கு முடிஞ்சா வீட்டுக்குப் போகலாம், அதனால விடியுறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சு மத்தியானத்துக்குள்ள முடிச்சுடறாங்க. நல்ல வருஷத்துல காலேஜ் படிக்காத ஒருத்தர் இங்க வாங்குற சம்பளம் இண்டியானால வேற வேலையில கிடைக்கிறது கஷ்டம்.

மாமா எங்களைக் கூட்டிட்டுப் போனவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி தான் கேட்டார். "லைன்ல தப்பைப் பாத்தா நிறுத்துறதுக்கு யாருக்கு அதிகாரம்?" அவர் நேர்மையா பதில் சொன்னார், நிறுத்த மாட்டோம், அந்த இடத்துல ஒரு டேக் ஒட்டுவோம், கடைசில ஃபைனல் ஃபினிஷ்ல சரி பண்ணுவோம்னார். கடைசி ஸ்டேஷன்ல கேஸ் லீக் டெஸ்ட், குழாய் டெஸ்ட் எல்லாம் இருக்கு, உள்ள காத்தை அடைச்சு வெளிய சோப்புத் தண்ணி தெளிச்சு குமிழி வருதான்னு பாக்குற டெஸ்ட்டும் இருக்கு, அது நல்ல டெஸ்ட். ஆனா மூடின சுவருக்குள்ள இருக்குறதை யாரு பாக்குறது. கார்ல வர்றப்ப மாமா பேசவே இல்ல, ரொம்ப நேரம் கழிச்சு, "டேய், தப்பு அந்தப் பசங்க மேல இல்லடா, நின்னு பாக்குறவனுக்கு காசு குறையுற மாதிரி கணக்கு வச்சிருக்காங்க பாரு, அது மேல"ன்னார். எனக்கும் அதே தான் தோணுச்சு.

புதன்

இன்னிக்கு கிழக்க, மிடில்பரி வழியா ஷிப்ஷவானா. ரோட்டோரத்துல குதிரை வண்டிக்குன்னு தனியா தடம், வண்டிக்குப் பின்னாடி கவுண்டி கொடுத்த நம்பர் பிளேட். எல்க்கார்ட்டும் லக்ரேஞ்சும் சேர்ந்த இந்த ஆமிஷ் (பழைய முறையிலயே வாழுற கிறிஸ்தவங்க) குடியிருப்பு அமெரிக்காலயே மூணாவது பெருசு. வீட்டுக்கு கரண்ட் லைன் இழுக்காதவங்க, கார் வாங்காதவங்க, ஆனா ஆர்.வி. லைன்ல இவங்க இல்லாம வேலை நடக்காது. நிலம் விலை ஏறிப் போச்சு, குடும்பம் பெருசு, எல்லா பையனுக்கும் பண்ணை கிடைக்காது, அதனால ஒரு தலைமுறையா ஃபேக்டரிக்குப் போறாங்க. விடியக்காலைல வேன் வந்து வீடு வீடா ஏத்திக்கும், ஓட்டுறவர் வெளி ஆளு. பக்கத்துல இருக்கிறவங்க சைக்கிள். நேத்து ஃபேக்டரி வாசல்ல நாங்க பாத்த நீள சைக்கிள் வரிசை இவங்களோடது தான்.

மத்தியானம் ஒரு கடைல மரச்சாமான் பாத்துட்டு இருந்தப்ப, கடைக்காரப் பெரியவர்கிட்ட அத்தை பேச்சு கொடுத்தாங்க. பல வருஷம் டிரெய்லர் ஃபேக்டரில அலமாரி செக்‌ஷன்ல இருந்துட்டு வெளிய வந்து சொந்தமா கடை போட்டிருக்கார். அங்க ஸ்டேப்பிள், இங்க மரத்தை மரத்துல கோர்க்குற இணைப்பு. ஒரு டிராயரை வெளிய உருவி மூலையை எங்களுக்குத் திருப்பிக் காட்டினார், பல்லு பல்லா கோர்த்திருந்துச்சு, ஆணியே இல்ல. ஃபேக்டரிக்கும் இதே கை தான் போச்சு, அங்க கொடுத்த நேரம் தான் வேறன்னு அவர் சொல்லல, அந்த டிராயரைப் பாத்து நானா நினைச்சுக்கிட்டது.

திரும்பி வர்ற வழியில சப்ளையர் ஷெட்டுங்க வரிசையா. சட்டமும் ஆக்சிலும் சுவரை வெளிய தள்ளுற ஸ்லைடு மெக்கானிசமும் செய்யுற லிப்பர்ட், பலகை பேனல் எல்லாம் கொடுக்கிற பேட்ரிக், ரெண்டுமே எல்க்கார்ட் கம்பெனி. ஒரு கம்பெனிக்கு சட்டம் கொடுக்கிறவங்க போட்டி கம்பெனிக்கும் அதையே தான் கொடுக்கிறாங்க. பேரு வேற, அடுப்பு, ஃப்ரிட்ஜ், சட்டம் எல்லாம் ஒண்ணு. இந்தத் தொழில் வேற ஊருக்குப் போகாததுக்குக் காரணமும் இது தான், பாதி நாள்ல எந்தப் பாகமும் கைக்கு வந்துடும்.

வியாழன்

காலைல எல்க்கார்ட் டவுன்ல நடந்தோம். ஆத்தங்கரை அழகா இருக்கு, லெர்னர் தியேட்டரும் அழகு. ஒரு டைனர்ல பக்கத்து டேபிள்ல உக்காந்திருந்த வயசானவர் 2009 பத்தி பேச ஆரம்பிச்சார், நாங்க கேக்கவே இல்ல. இந்த ஊர்ல அந்த வருஷத்தை யாரும் மறக்கல. 2006ல நாடு முழுக்க ஃபேக்டரில இருந்து வெளிய போன ஆர்.வி. மூணு லட்சத்து தொண்ணூறாயிரம், 2009ல ஒரு லட்சத்து அறுபத்தஞ்சாயிரம் சொச்சம் தான். பெட்ரோல் விலை, அப்புறம் பேங்க் கடன் கிடைக்காம போனது, எல்லாம் சேர்ந்து அடிச்சுது. எல்க்கார்ட்ல வேலையில்லாதவங்க எண்ணிக்கை கிட்டத்தட்ட 20 சதவீதம் வரைக்கும் போச்சு. ஒபாமா பதவிக்கு வந்த அடுத்த மாசமே, 2009 பிப்ரவரில இங்க வந்தார், ஆகஸ்ட்ல பக்கத்துல வாகருசாவுக்கு வந்தார், 2016ல திரும்ப வந்து பாத்தார். மொனாக்கோ, ஃப்ளீட்வுட்ங்குற ரெண்டு ஆர்.வி. கம்பெனியும் திவால் மனு போட்டது 2009 மார்ச்ல.

அப்புறம் கொரோனா காலம் நேர் எதிர். பிளேன்ல போக முடியாது, ஓட்டல்ல தங்க பயம், எல்லாரும் டிரெய்லர் வாங்கினாங்க. 2021ல 6,00,240 வண்டி, இதுவரைக்கும் அது தான் உச்சம். ரெண்டே வருஷத்துல, 2023ல 3,13,174. வட்டி ஏறுச்சு, டீலர் லாட்ல வண்டி தேங்கிப் போச்சு, இங்க ஷிஃப்ட் குறைஞ்சுது. யாரும் அவசியத்துக்கு டிரெய்லர் வாங்குறதில்ல, அதனால ஜனங்க கையில காசு இறுக ஆரம்பிச்சா முதல் அடி இந்த ஊருக்குத் தான் விழும், மத்த ஊருக்கெல்லாம் அப்புறம் தான் தெரியும்.

சாயங்காலம் ஒரு ரிப்பேர் ஷாப். மாமா தான் தேடிப் பிடிச்சார். அங்க ஒரு லேமினேட்டட் வண்டியோட பின் மூலையை உரிச்சு வச்சிருந்தாங்க, என்ன கம்பெனின்னு எழுதல. மேல கூரையும் சுவரும் சேர்ற மூலைல சீலன்ட், அதாவது இடுக்கை அடைக்குற பசை, ஒரு விரலகலத்துக்கு விட்டிருக்கு, அது வழியா தண்ணி இறங்கி இறங்கி உள்ள பலகை கையில எடுத்தா ஈரக் காகிதம் மாதிரி பிய்ஞ்சு வந்துச்சு. வண்டிக்கு வயசு மூணு. கம்பெனி வாரண்டி பெரும்பாலும் ஒரு வருஷம் தான், அது முடிஞ்சு போச்சு. கார் மாதிரி லெமன் லா (குறையோட வந்த புது வண்டிக்கு வாங்குனவங்களைக் காப்பாத்துற சட்டம்) இருக்கும்னு நம்பக்கூடாது, இண்டியானாவோட லெமன் லாலயே மோட்டார்ஹோமை வெளிய வச்சிருக்காங்க. இத்தனை வண்டி செய்யுற மாநிலத்துலயே இப்படின்னா எனக்கு அது ஏத்துக்கவே முடியல, இந்தச் சட்டம் மாறணும்.

அங்க டெக்னீஷியனா இருந்த அம்மாவுக்கு பொறுமை ஜாஸ்தி. மாமா கேட்ட கேள்விக்கெல்லாம் ஏணி போட்டுக் காட்டினாங்க, கூரைல எங்கெல்லாம் ஓட்டை போட்டிருக்கோ அங்கெல்லாம் தான் ஆபத்து: ஏசி, வென்ட், ஆன்டெனா, ஏணி மாட்டுன ஸ்க்ரூ. ஸ்லைடு அவுட்டோட மேல் மூலை ரெண்டும் தனியா பாக்கணும். ஸ்லைடு அவுட்ங்கறது நிறுத்துனதும் சுவரே வெளிய தள்ளி ஹால் பெருசாகுற ஏற்பாடு, நப்பனீங்குற பக்கத்து ஊர்ல இருக்குற நியூமார் கம்பெனி 1990ல கொண்டு வந்தாங்க, இப்ப அது இல்லாத வண்டி விக்குறதே கஷ்டம். அதே சமயம் சுவர்ல அவ்ளோ பெரிய ஓட்டை வேற எதுவும் இல்ல.

வெள்ளி

தென்கிழக்க ரெண்டரை மணி நேரம், ஒஹாயோவுல ஜாக்சன் சென்டர்ங்குற சின்ன ஊர். ஏர்ஸ்ட்ரீம் ஃபேக்டரி. வாலி பையம் ஆரம்பிச்ச கம்பெனி, கலிஃபோர்னியால இருந்து 1952ல இங்கயும் வந்தாங்க, 1980ல வேட் தாம்ப்சனும் பீட்டர் ஆர்த்வைனும் இதை வாங்கித் தான் தோர்னு பேரு வச்சாங்க, ரெண்டு பேர் பேரோட முன் எழுத்துங்க. அப்போலோ 11ல நிலாவுக்குப் போயிட்டு வந்த மூணு பேரையும் தனியா அடைச்சு வச்சாங்களே, அந்தக் கூண்டு மாத்தியமைச்ச ஏர்ஸ்ட்ரீம் தான்.

இங்க பாத்த ஒரு காட்சியை எழுதாம இருக்க முடியாது. அலுமினியத் தகடு ரெண்டும் சேர்ற இடத்துல ரிவெட் ஆணி அடிக்கணும், அதுக்கு ரெண்டு பேர் வேணும். வெளிய ஒருத்தர் காத்து சுத்தியலோட, உள்ள ஒருத்தர் கையில கனமான இரும்புக் கட்டி. ஒருத்தரை ஒருத்தர் பாக்க முடியாது, நடுவுல தகடு. வெளிய இருக்கிறவர் ரிவெட்டை ஓட்டையில வச்சு அடிக்குற அதே நொடில உள்ள இருக்கிறவர் கட்டியை வால் மேல அழுத்திப் பிடிக்கணும், அது நசுங்கி பொத்தான் மாதிரி ஆகும். சரியா உக்காரலன்னா உள்ள இருந்து தட்டுவாங்க, வெளிய இருக்கிறவர் இன்னொரு அடி. பேச்சே இல்ல. ஒரு வரிசை முடிச்சதும் ரெண்டு பேரும் ஒண்ணா அடுத்த வரிசைக்கு நகர்றாங்க. மாமா அசையாம நின்னு பாத்துட்டு இருந்தார், அத்தை ரெண்டு தடவை கூப்பிட்டும் கேக்கல.

வெளி அலுமினிய ஓடு முழுசும் முதல்ல ஆயிடுது, அப்புறம் தான் உள் வேலை, அதனால அலமாரி, கட்டில் எல்லாம் அந்தச் சின்ன வாசல் வழியா தான் உள்ள போகணும். எல்க்கார்ட்ல பாத்ததுக்கு அப்படியே தலைகீழ். உள் வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அந்த ஓடு முழுக்க நல்லா தண்ணி அடிச்சு சோதிக்கிறாங்க, ஒழுகினா அப்பவே கண்ணுக்குத் தெரியும், மறைக்க அங்க பலகையே கிடையாது. விலை? லட்சம் டாலர் தாண்டுற மாடல் சகஜம். நேரத்துக்குத் தான் அந்தக் காசு. எல்க்கார்ட்ல இருக்கிற கையும் இதே மாதிரி கை தான், செவ்வாய்க்கிழமை பாத்த அந்த ஜன்னல் பையன்கிட்ட இந்த நேரத்தைக் கொடுத்தா அவன் இதுக்குக் குறைவா செய்ய மாட்டான்னு எனக்கு உறுதியா தோணுது. எல்லாராலயும் இந்த விலை கொடுக்க முடியாதுங்கறதும் உண்மை, நாப்பதாயிரம் டாலருக்குள்ள ஒரு குடும்பம் வண்டியோட கிளம்ப முடியுதுன்னா அது எல்க்கார்ட்டோட வேகத்தால தான். அந்த வேகத்துல ஒரு பத்து நிமிஷத்தை மூலைக்கும் கூரைக்கும் திருப்பிக் கொடுத்து, அதுக்குக் கூலியும் சேர்த்துக் கொடுக்கணும், நான் கேக்குறது அவ்ளோ தான்.

சனி

திரும்பி எல்க்கார்ட் பக்கத்து ஊரான கோஷன் வந்து ஒரு கேம்ப் கிரவுண்ட் பக்கம் போனோம், டிரெய்லர் வச்சிருக்கிறவங்க வாயால கேக்கலாம்னு. ஒரு தம்பதியோடது எட்டு வருஷ பழசு, தகடு வண்டி, உள்ள வாசனையே இல்ல, காஞ்ச மரம். வருஷத்துல ரெண்டு தடவை அந்தக் கணவர் கூரைல ஏறி எல்லா சீலன்ட்டையும் கையால தடவிப் பாப்பாராம், வெடிப்பு தெரிஞ்சா அன்னிக்கே பூசிடுவார். முதல் வருஷம் பூரா ஒரு நோட்டுல சின்னச் சின்னக் குறையா எழுதி வாரண்டி முடியுறதுக்குள்ள எல்லாத்தையும் சரி பண்ண வச்சிருக்கார், அந்த நோட்டையும் காட்டினார். கதவு கீல், தளர்ந்த குழாய் இணைப்பு, சுவிட்ச் தலைகீழ், இப்படி பக்கம் பக்கமா.

மாமா அதைப் படிச்சுட்டு முடிவு எடுத்துட்டார். புதுசு வேண்டாம், ரெண்டு மூணு வருஷம் ஓடுன வண்டி, இந்த மாதிரி நோட்டு வச்சிருக்கிற ஆளுகிட்ட. அத்தைக்கு புது வாசனை இல்லாதது கொஞ்சம் வருத்தம் தான், ஆனா "ஏங்க, ஸ்லைடு ஒண்ணுக்கு மேல வேண்டாம்"னு அவங்களே சொல்லிட்டாங்க. டீலர் சொல்ற பி.டி.ஐ. (வண்டியைக் கொடுக்குறதுக்கு முன்னாடி பண்ற சோதனை) போக, சொந்தமா காசு கொடுத்து தனி இன்ஸ்பெக்டரை வரவழைக்கணும், அவர் ஈரம் அளக்குற மீட்டரோட வந்து நாலு மூலையும் ஸ்லைடு ஓரமும் பாத்து எழுதிக் கொடுக்குற வரைக்கும் அட்வான்ஸ் கூட கொடுக்குறதில்ல. எடை ஸ்டிக்கரையும் பாக்கணும், டேங்க்ல தண்ணி நிரப்பினா சாமானுக்கு எத்தனை பவுண்டு மிச்சம்னு. கோஷன்லயே அப்படி ஒரு இன்ஸ்பெக்டர் நம்பர் கிடைச்சுது, அடுத்த மாசத்துக்கு மாமா தேதி வாங்கிட்டார்.